பாடகரைக் காணோம்... விலை முந்நூறு!

சம்பள நாளுக்கு இன்னும் ஆறு நாள். பர்ஸில் ஆயிரத்து ஐந்நூறு. காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் வலது பக்கம் எஸ்.பி.பி., இடது பக்கம் மௌன விரதம். இந்த நிலைமையில் ஆபீஸ் போய் வருகிற வாலிபர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால் தனிக்கட்சியே ஆரம்பிக்கலாம்.

அப்படிப்பட்ட ஒருவர் புது ஹெட்போன் வாங்கப் போனால் அந்த ஆயிரத்து ஐந்நூறுக்கு என்ன கிடைக்கும்? பளபளவென்று ஒரு பெட்டி கிடைக்கும். அதற்குள் குட்டியாக இன்னொரு பெட்டி. அதற்குள் புளியங்கொட்டை சைஸில் இரண்டு. அட்டையில் ஒரு கிரிக்கெட் வீரர் அதைக் காதில் வைத்துக்கொண்டு சிரிப்பார். இரண்டு வருஷம் போனதும் ஒரு புளியங்கொட்டை நாற்பது நிமிஷத்தில் களைத்துப் படுத்துவிடும். அப்போது கிரிக்கெட் வீரர் வரமாட்டார்.

நான் சொல்ல வருவது வேறு வழி. ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் விற்ற, வயர் வைத்த, நல்ல கம்பெனி ஹெட்போனை அதே ஆயிரத்து ஐந்நூறுக்குள் இன்னொருவர் தலையிலிருந்து இறக்கி நம் தலைக்கு ஏற்றுவது. அதாவது, செகண்ட் ஹாண்ட்.

'சீ! அடுத்தவன் காதில் வைத்ததா?' என்று முகம் சுளிக்கிறவர்கள், சலூனில் நம் தலையில் ஓடுகிற சீப்பு இதற்கு முன் யார் யார் தலையில் ஓடியது என்று விசாரித்துவிட்டு வரவும். காத்திருக்கிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? ஸவுண்ட் இன்ஜினீயர் அல்ல. ஏற்காட்டில், கிளியூர் அருவிக்குப் போகிற வழியில் வீடு. சேலத்தில் ஆபீஸ். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்க இருபது, ஏற இருபது, ஆகக்கூடி தினசரி நாற்பது. டூரிஸ்ட்டுகளுக்கு அது த்ரில். எனக்கு அது ஆபீஸ் ரூட். ஜன்னலோர ஸீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு எலுமிச்சம்பழம் பலிப்பதில்லை. இளையராஜா பலிக்கிறார். ஆகவே ஹெட்போன் என் வரைக்கும் ஆடம்பரச் சாமான் இல்லை; அவோமின் மாத்திரை ஜாதி. எட்டு வருஷத்தில் ஏழு செகண்ட் ஹாண்ட் ஹெட்போன்கள் வாங்கியிருக்கிறேன். எதற்கும் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியதில்லை. ஐந்து இன்னும் பாடுகின்றன. மீதி இரண்டை வாங்கிய விலைக்கே ஆபீஸ் நண்பர்களுக்குத் தள்ளிவிட்டேன்.

பழசை ஏன் நம்பலாம் என்பதற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு காந்தம். மயிரிழைக் கம்பியில் சுற்றிய ஒரு சின்னச் சுருள். அந்தச் சுருளை ஒட்டிக்கொண்டு, வெங்காயத்தோல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சவ்வு. பாட்டு மின்சாரமாகச் சுருளுக்குள் ஓடுகிறது. காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சவ்வு காற்றை அசைக்கிறது. அவ்வளவுதான், நம் காதுக்குள் வயலின். இந்த மூன்றும் சேர்ந்த பாகத்துக்குப் பெயர் டிரைவர். ஹெட்போனின் உயிர் அதுதான். அளவுக்கு மீறி அலறவிடாமல், தண்ணீரில் போடாமல் இருந்தால் அது இருபது முப்பது வருஷம் சாதாரணமாக உழைக்கும். சீக்கிரம் கெடுவது எல்லாம் வெளிச் சமாச்சாரங்கள்: காது மெத்தை, வயர், பிளக். மூன்றையும் மாற்றலாம். கார் நன்றாக இருக்கிறது, டயர்தான் போய்விட்டது என்கிற கேஸ். டயர் போன காரை டயர் விலைக்கே தருகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

இந்த டிரைவர் சமாச்சாரத்துக்கு வயசும் அதிகம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்காரர் நதானியேல் பால்ட்வின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்து, 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். (சமையலறையில் நாம் வெந்நீர் வைத்தாலே வீட்டில் விசேஷம்.) அதெல்லாம் தந்திச் சத்தம் கேட்கத்தான். பாட்டுக்கென்று ஸ்டீரியோ ஹெட்போனை 1958-ல் கொண்டுவந்தவர் ஜான் காஸ். 1968-ல் ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனி, காதை மூடாமல் மஞ்சள் பஞ்சு வைத்த ஹெச்.டி. 414 மாடலை விட்டது. 1979 ஜூலையில் ஸோனியின் வாக்மேன். அதுவரை முந்நூறு, நானூறு கிராம் இருந்த ஹெட்போன், அதோடு சேர்ந்து வந்தபோது ஐம்பது கிராமுக்குள் இளைத்திருந்தது. நம் ஊரில் துபாய், சிங்கப்பூர் போய்வந்த மாமாக்கள் கழுத்தில் அது தாலிக்குச் சமமாகத் தொங்கிய காலம் ஒன்று உண்டு.

இதையெல்லாம் பொது அறிவுக்காகச் சொல்லவில்லை. அதே காஸ் கம்பெனி 1984-ல் விட்ட போர்ட்டா ப்ரோ என்கிற மாடலை ஏறக்குறைய அதே உருவத்தில் இன்றைக்கும் விற்கிறார்கள். ஸோனியின் எம்.டி.ஆர். 7506, 1991-ல் வந்தது. உலகம் பூரா ரிக்கார்டிங் ஸ்டுடியோக்களில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸென்ஹைஸர் ஹெச்.டி. 600-க்கு வயசு 1997. செல்போன் என்றால் மூன்று வருஷத்தில் கிழவன். ஹெட்போனில் முப்பது வருஷத்து ஆசாமி இன்னும் மாப்பிள்ளை! மெத்தையும் வயரும் தனியாகக் கிடைக்கிற இப்படிப்பட்ட மாடல்களைத்தான் பழைய சாமானில் தேடவேண்டும். ஒரு எச்சரிக்கை: ஹெச்.டி. 600 நம் பட்ஜெட்டில் வராது. ஆயிரத்து ஐந்நூறுக்கு யாராவது கொடுத்தால் ஒன்று டூப்ளிகேட், இல்லை திருட்டு. நிஜமாகவே வந்தாலும் அது 300 ஓம் சரக்கு. செல்போனின் பலத்துக்கு முனகும். நமக்கு முப்பதிலிருந்து அறுபது, எழுபது ஓமுக்குள் இருப்பது போதும்.

நமக்கு யோகம் அடித்தது 2016-ல். அந்த செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 7-ல் ஹெட்போன் ஓட்டையை அடைத்துவிட்டது. கேலி செய்த மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே ஒவ்வொன்றாக அடைத்தன. ஓட்டை போனதும் வயர் ஹெட்போன்கள் பரணுக்குப் போயின. இப்போது அவை பரணிலிருந்து இறங்கிப் பழைய சாமான் கடைக்கும், செல்போனில் விற்கிற விளம்பரங்களுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு டைப்-ஸி குட்டி வால் வாங்கிச் சொருகினால் எந்தப் போனிலும் வயர் ஹெட்போன் பாடும். உள்ளே 'டாக்' என்கிற சில்லு இருக்கிற வாலாகக் கேட்டு வாங்குங்கள். சில்லு இல்லாத மலிவு வால், சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும்.

* * *

இனி, தலைப்பில் தொலைந்த பாடகரைத் தேடலாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. டேபிள் ஃபேன், கிரைண்டர் மோட்டார், யாரோ கோப்பையாக வாங்கிய கேடயம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆணியில் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காதை முழுசாக மூடுகிற ரகம். நல்ல ஜப்பான் பெயர். காது மெத்தை உரிந்து, சொறி பிடித்த நாய் மாதிரி இருந்தது.

"இது என்ன விலைங்ணா?"

"அது வேணாம் தம்பி. அதுல மியூசிக் மட்டும்தான் வரும். பாடறவங்க குரல் வராது."

"குரல் வராதா?"

"ஆமா. தபேலா வருது, கோரஸ் வருது, டி.எம்.எஸ். வரமாட்டேங்கறாரு. நாலு பேரு வாங்கிட்டுப் போய் திருப்பிக் குடுத்துட்டாங்க. உள்ள ஸ்பீக்கர் அவுட்டு."

எனக்குள் லாட்டரி அடித்தது. முகத்தில் காட்டவில்லை. செகண்ட் ஹாண்ட் வாங்குகிறவன் முகம், சாவு வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவன் முகம் மாதிரி இருக்கவேண்டும். பசி இருக்கலாம்; தெரியக்கூடாது.

"சும்மா மாட்டி வைக்கத்தான்... முந்நூறு தரேன்."

"கொண்டு போப்பா. ரிட்டர்ன் கெடையாது."

விஷயம் இதுதான். ஹெட்போன் பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் பிரிக்கிற மூன்று உலோகப் பகுதிகள். நுனி, இடது காதுக்கு. நடு, வலது காதுக்கு. அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. மின்சாரம் திரும்பிப் போகிற வழி. அந்தப் பொது வயர் மட்டும் அறுந்துவிட்டால், இடது பக்க மின்சாரம் போக வழியில்லாமல் வலது டிரைவர் வழியாகப் போகப் பார்க்கும். வலது, இடது வழியாக. பாடகரின் குரல் ஸ்டீரியோவில் பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும். ஒரு கதவை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் ஒரே பலத்தோடு தள்ளினால் என்ன ஆகும்? கதவு அசையாது. பாடகர் காலி. இரண்டு பக்கமும் வித்தியாசமாக ஒலிக்கிற வயலின், கோரஸ், எதிரொலி மட்டும் பேய் மாதிரி மிஞ்சும். இதே ஹெட்போனில் 1960-களில் மோனோவாகப் பதிவான பாட்டைப் போட்டால் கிட்டத்தட்ட எதுவுமே கேட்காது. ஏனென்றால் அதில் எல்லாமே இரண்டு பக்கமும் ஒன்று.

ஆக, குரல் வரவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர் இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்! மூன்று தெரு தள்ளி எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர். பழைய பிளக்கை வெட்டிப் புது பிளக் வைத்தார். இந்த மெல்லிசு வயர்களில் சிவப்பு, பச்சை என்று வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைச் சூட்டில் எரித்துவிட்டுத்தான் பற்றவைக்கவேண்டும். அது தெரியாமல் ஈயத்தை உருட்டிவைத்துவிட்டு 'ஒட்டமாட்டேங்குது ஸார்' என்பவரிடம் உங்கள் ஹெட்போனைத் தரவேண்டாம். பிளக், கூலி இரண்டும் நூற்றிருபது. புது மெத்தை ஒரு ஜோடி முந்நூற்றைம்பது. மொத்தம் எழுநூற்றெழுபதில் டி.எம்.எஸ். திரும்பி வந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நெற்றிப் பொட்டில் உட்கார்ந்து பாடினார்.

அந்த நெற்றிப் பொட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பார்க்கவேண்டிய முதல் பரீட்சை அதுதான். பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடினால், குரல் சரியாக மண்டைக்கு நடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். குரல் இப்போது எதிர்ப் பக்கம் சாய்ந்தால் கோளாறு ஹெட்போனில். முன்பு சாய்ந்த அதே பக்கமே நின்றால் கோளாறு உங்கள் காதில். அல்லது காதுக்குள் இருக்கிற அழுக்கில். நடுவில் நிற்காமல் குரல் தலைக்கு வெளியே எங்கேயோ பரவி, பேஸ் சத்தமும் மெலிந்து போனால், முன்பு யாரோ ரிப்பேர் பார்த்தபோது ஒரு பக்க வயரைத் திருப்பிப் பற்றவைத்திருக்கிறார். அது அஞ்சு நிமிஷ வேலை. நூறு ரூபாய் குறைத்துக் கேட்க நல்ல காரணம்.

அடுத்தது, உறுமல். செல்போனில் ஒரே சுரத்தை ஒலிக்கவிடுகிற இலவச ஆப் இருக்கிறது. நாற்பது ஹெர்ட்ஸிலிருந்து இருநூறு வரை மெதுவாக, வால்யூமைக் குறைத்து வைத்து ஏற்றவேண்டும். 'ம்ம்ம்' என்று சுத்தமாக வந்தால் சரி. 'ம்ர்ர்ர்' என்று வண்டு சிக்கிய மாதிரி வந்தால் இரண்டு காரணம். சுருள் உரசுகிறது, அது கேஸ் முடிந்தது. இல்லையென்றால் ஒரு தலைமுடி உள்ளே விழுந்து சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கிறது! வேடிக்கை இல்லை, நிஜம். ஒற்றை முடி போதும் ஒரு ஹெட்போனை அழவைக்க. மெத்தையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் பல சமயம் தெரியும். முன்னாள் சொந்தக்காரருக்கு முடி கொட்டுகிற வியாதி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வயரை பிளக் பக்கமும், காதுக் கிண்ணத்தில் நுழைகிற இடத்திலும் மடக்கி ஆட்டுங்கள். 'கரகர' வந்தால் அங்கே அறுந்துகொண்டிருக்கிறது. கழற்றி மாட்டுகிற வயர் என்றால் கவலையே இல்லை. தலைப் பட்டையின் கீல் விரிசல் விட்டிருந்தால் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் நடையைக் கட்டவும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டியதை 'கம்பெனி டிசைன்' என்று சொல்லுவார்கள். பஸ்ஸில் பதினோராவது வளைவில் டிசைன் பிரியும்.

எதையும் போட்டுப் பார்க்க விடாத கடை என்றால், ஒரு மல்ட்டிமீட்டர் போதும். பிளக்கின் நுனிக்கும் அடிக்கும், நடுவுக்கும் அடிக்கும் ஓம் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்டவேண்டும். முள்ளை வைக்கும்போதே காதுக்குள் 'சடக்' என்று கேட்கும். அந்த 'சடக்', நாடி பார்த்து 'உயிர் இருக்கு' என்று சொல்லுகிற வைத்தியர் மாதிரி.

* * *

கடையில் இல்லாமல் ஆளிடம் நேராக வாங்குவது என்றால் விளம்பரத்தைப் படிக்கத் தெரியவேண்டும். 'ஒரே ஒரு தடவைதான் யூஸ் பண்ணினேன்' என்றால் மெத்தை போட்டோவைக் கேளுங்கள். அதில் ஒரு தலைமுறையின் எண்ணெய் தெரியும். 'துபாய் மச்சான் கொடுத்தது, பில் இல்லை' என்றால் மச்சானே துபாயில் இல்லை. 'ஒரிஜினல் ஸார், சத்தியமா ஒரிஜினல்' என்பவரிடம் அதிக ஜாக்கிரதை. ஒரிஜினல் வைத்திருப்பவன் சத்தியம் செய்யமாட்டான். ஸோனி 7506 மாதிரிப் பேர் போன மாடல்களுக்கு டூப்ளிகேட் மூட்டை மூட்டையாக உண்டு. கம்பெனி தளத்தில் அதன் எடை போட்டிருக்கும். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். டூப்ளிகேட் அடிக்கிறவன் எழுத்தை அப்படியே காப்பியடிப்பான்; காந்தத்துக்கு ஆகிற காசை மிச்சம் பிடிப்பான்.

நம்பகமானவர் யார் என்றால், குறையைத் தானே சொல்லுகிறவர். 'இடது மெத்தை கிழிஞ்சிருக்கு, வயர் ஒரு இடத்துல டேப் சுத்தியிருக்கேன்' என்று எழுதியிருந்தார் ஒருவர். ஓமலூரில் அவர் வீட்டுக்கே போய்க் காபி குடித்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிவந்தேன். அந்த ஹெட்போனில் அவர் சொல்லாத குறை இதுவரை எதுவும் வெளிவரவில்லை.

சென்னைவாசிகளுக்கு இந்த மலையேற்றம் எதுவும் வேண்டாம். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினால் ரிச்சி தெரு. அங்கே பிளக், வயர், மெத்தை, மெக்கானிக் எல்லாம் ஒரே மூச்சில் கிடைக்கும். பெரியவர்கள் இன்னும் மூர் மார்க்கெட்டைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய சாமான் சொர்க்கம் 1985-ல் எரிந்துபோனது. அங்கே பேரம் பேசிப் பழகிய தலைமுறைக்கு, 'ஃபிக்ஸட் பிரைஸ்' என்று போனில் வருகிற செய்தி ஒரு பொருட்டே இல்லை.

வயர் இல்லாததைப் பழசாக வாங்கலாமா? என் பதில், வேண்டாம். காரணம் ஒன்றே ஒன்று, பாட்டரி. லித்தியம் அயான் பாட்டரி சுமார் 300-லிருந்து 500 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் வயசாகும். பெரிய ஹெட்போனில் பாட்டரியை மாற்றிவிடலாம். புளியங்கொட்டைக்குள் அதைக் கோந்து போட்டு மூடியிருக்கிறார்கள். பிரித்தால் பல்லாங்குழி ஆடலாம். போதாததற்கு ஆப்பிள் புளியங்கொட்டை என்றால் பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்திருக்கவேண்டும். இல்லையென்றால் உங்கள் காதில் இருப்பது அவர் போன் வரைபடத்தில் அவருடைய சொத்தாகவே நிற்கும்.

இரைச்சலை வெட்டுகிற ஹெட்போன் மட்டும் விதிவிலக்கு. 1978-ல் அமர் போஸ் (அப்பா வங்காளத்துக்காரர்) விமானத்தில் போகும்போது இன்ஜின் சத்தத்தில் பாட்டு கேட்காமல் கடுப்பாகி, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாராம். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் இது. வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான சத்தத்தை உள்ளே அனுப்புவது. மேலே சொன்ன அதே கதவுத் தள்ளல். பழசில் வாங்கினால் பாட்டரி, மைக் இரண்டையும் ஓடுகிற பஸ்ஸில் வைத்துத்தான் சோதிக்கவேண்டும். கடைக்குள் எல்லாமே இரைச்சலை வெட்டும்.

* * *

இதெல்லாம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது.

என்னோடு அதே பஸ்ஸில் வருகிற ஆபீஸ் நண்பர். வயது இருபத்தொன்பது. ரோட்டோரம் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய இயர்போன். காதில் நிற்காமல் தொங்கும். ஏற்றத்தில் டிரைவர் முதல் கியரைப் போட்டதும் நண்பர் வால்யூமை ஏற்றுவார். வளைவு முடிந்ததும் இறக்குவார் என்று நினைக்கிறீர்களா? மாட்டார். பத்தாவது வளைவில் அவர் பாட்டு டிக்கெட் எடுக்காமல் எனக்கும் கேட்கும். ஐந்து வருஷம் இப்படி.

ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினார். "நம்ம ஏரியால சில்வண்டு சத்தம் ஜாஸ்தியா இருக்குல்ல?"

"இருக்கும். மழை வந்தா நின்னுரும்."

ஏற்காட்டில் இருப்பவனுக்குச் சில்வண்டு அதிசயமில்லை. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் அது சாயங்காலம் ஆரம்பித்தால் சங்கீத சபாதான். மழை வந்தது. மறுநாள் சேலத்தில், ஆபீஸில், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏ.ஸி. அறைக்குள் என் மேஜைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "இங்க உனக்குச் சில்வண்டு கேக்குதா?"

கேட்கவில்லை. சில்வண்டு அவர் காதுக்குள் இருந்தது.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, மேல் ஸ்தாயியில் கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது, இரைச்சலை நிறுத்த மாத்திரை கிடையாது, இனிமேல் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உள்காதில் சத்தத்தை வாங்குகிற ரோம செல்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000. போனால் திரும்ப முளைக்காது. தலையில் விழுந்த முடிக்காவது விக் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்தே டெசிபலில் நாற்பது மணி நேரம் நாலாகிவிடுகிறது! நண்பர் அந்த நாலை திங்கள், செவ்வாயிலேயே தீர்த்துக்கொண்டிருந்தார்.

வால்யூமை ஏற்றுவது கொழுப்பினால் இல்லை. வெளிச் சத்தம் உள்ளே வருவதால். மழைக்காலத்தில் கிளியூர் அருவிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் முந்நூறு அடி விழுகிறது. பக்கத்தில் நிற்பவர் 'வழுக்கும், பார்த்து!' என்று கத்துவது வாய் அசைவாகத்தான் தெரியும். ஐப்பசியில் நண்பரை அங்கே அழைத்துப்போய் ஒரு பரீட்சை நடத்தினேன். பாட்டு தெளிவாகக் கேட்கிற வரைக்கும் அவரே வால்யூமை வைக்கவேண்டும். வீட்டில் அவருடைய தொங்கல் இயர்போனில் ஐந்து புள்ளி. அருவிக்குக் கொஞ்சம் தள்ளிப் பாதையில் நின்றபோது பதின்மூன்று. அதே இடத்தில், காதை முழுசாக மூடுகிற என் முந்நூறு ரூபாய் ஹெட்போனில் எட்டு. ஐந்து புள்ளி வித்தியாசத்தைச் செய்தது டிரைவர் இல்லை, ஜப்பான் இல்லை. முந்நூற்றைம்பது ரூபாய் மெத்தை. மெத்தை கிழிந்திருந்தால் அந்த வித்தியாசமும் கிழிந்துபோகும். அதோடு பேஸும் போய், 'சத்தம் பத்தலை' என்று கை தானாக வால்யூமுக்குப் போகும். அதனால்தான் பழைய ஹெட்போன் வாங்கும்போது பட்ஜெட்டில் நானூறு, ஐந்நூறை மெத்தைக்கென்று முதலிலேயே ஒதுக்கச் சொல்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு இருந்தால் ஆயிரத்துக்குத்தான் ஹெட்போன் தேடவேண்டும்.

(இந்த மூடுகிற ஹெட்போனை பஸ்ஸில் ஜன்னலோரம் போட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் போட்டுக்கொண்டு மலையிறங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்டாகவேண்டும்.)

நண்பருக்கும் அதே செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஒன்று கிடைத்தது. எண்ணூற்றைம்பது. கீல் சரி, நெற்றிப் பொட்டு சரி, உறுமல் சரி. வலது பக்கம் கொஞ்சம் மெலிவாக இருக்கிறது என்றார். மாற்றி மாட்டிப் பார்த்தோம். மெலிவு வலது பக்கமே நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். இப்போது வால்யூமில் எட்டைத் தாண்டுவதில்லை. சில்வண்டு அப்படியே இருக்கிறது, கூடவில்லை என்கிறார்.

மெத்தை மட்டும் மலையில் சீக்கிரம் போகிறது. காரணம் பனிமூட்டம். மெத்தை மேல் இருக்கிற தோல், தோல் இல்லை, பாலியூரித்தேன். காற்றில் இருக்கிற ஈரம் வருஷக்கணக்கில் அதன் கட்டுமானத்தை உடைத்து, கறுப்புச் செதில் செதிலாக உதிரவைக்கும். காதோரம் கறுப்புப் பொட்டோடு நான் ஆபீஸ் போன நாட்கள் உண்டு. திருஷ்டிப் பொட்டு என்று சமாளித்தேன். துணி மெத்தை உரியாது, ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். ஆகவே ராத்திரியில் ஹெட்போனை டப்பாவில் போட்டு, ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து சேர்த்து, இறுக்கி மூடிவைக்கிறேன். வியர்வையை முதலில் துணியால் துடைத்துவிடவேண்டும். என் வீட்டில் அந்தச் சைஸுக்கு இருந்தது பழைய காபிப்பொடி டப்பாதான். எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகவில்லை. காலை பஸ்ஸில் நான் ஹெட்போனை எடுத்து மாட்டினதும், முன் ஸீட்காரர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, கண்டக்டரிடம் பஸ் அடிவாரத்தில் காபிக்கு நிற்குமா என்று விசாரிக்கிறார்.